அந்நியன் கொண்டுவந்த மீன்



நம் பகுதிச் சபைகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் வழங்கிவருகிறது. "வேடந்தாங்கல் பறவைகள்" என்பது அச்சொல். கட்சி மாறும் அரசியல்வாதிகளைக் குறிக்கப் பத்திரிகைகள் பழக்கிவிட்ட அதனை, இப்போது தொழிற்சாலை விடுதிகளிலிருந்து ஆராதனைக்கு வரும் இளம்பெண்களுக்கு நாம் சூட்டியிருக்கிறோம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பல வேளைகளில் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். அவர்கள் வருவார்கள், போவார்கள், நாம் இருப்போம் என்பதே அதன் பொருள். இவ்வாரச் சிந்தனையில் அச்சொல்லைச் சற்று நிதானமாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனெனில் நம் சபைக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் அது ஒரு தீர்மானமாகவே வரவிருக்கிறது.

வெளியூர்களிலிருந்து வாசிக்கும் அன்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற ஊர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலப்பரப்பின் நடுவே இன்று சிப்காட் தொழிற்பூங்கா நிற்கிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, இங்கே பெண் தொழிலாளர்களுக்கென 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடியிருப்பைத் தமிழக முதலமைச்சர் திறந்துவைத்தார். அதில் 18,720 படுக்கைகள். நம் பழைய ஊராட்சிகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தாலும் அத்தனை பேர் தேறுவது கடினம். தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்தவர்கள் இப்பகுதியில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஷிப்ட் ஒத்துவரும் ஞாயிறுகளில் அவர்களுள் சிலர் நம் ஆலயத்தின் பின்வரிசைகளில் வந்து அமர்கிறார்கள்.

கமிட்டியின் முன் வரும் தீர்மானம் இதுதான்: ஓராண்டு தொடர்ந்து சபையின் அங்கத்தினராக இராத எவரும் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கவோ பாடற்குழுவில் இடம்பெறவோ கூடாது. இதை முன்மொழிந்திருக்கும் மூத்த சகோதரர் என்னைவிட நீண்ட காலம் இச்சபையைத் தாங்கியவர். "ஐயா, இது வேடந்தாங்கல் கூட்டம். சித்திரை வந்தால் ஒரு பறவை மிஞ்சாது. நாம் யாரை நம்பி வகுப்பை ஒப்படைப்பது?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் முன் பறவைகளிடம் போவோம்.

முதலில் வேடந்தாங்கல். அங்கே கூடும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் ஆகியவற்றை நாம் பொழுதுபோக்க வந்த வெளிநாட்டு விருந்தினர் என்று எண்ணிக்கொள்கிறோம். தொலைநாடுகளிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் அங்கே உண்டென்பது மெய்தான். ஆனால் ஏரியின் மரங்களை வெண்மையாக்கும் பெருங்கூட்டம் அங்கே கூடுகட்டவும் முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும் வருகிறது. பிள்ளை பெற்று வளர்க்கிற இடத்தைத் தங்கல் மடம் என்று சொல்லலாமா? பிறந்த இடத்தை விட்டு இரைக்காகப் பிற இடங்களில் அலைந்துவிட்டு, வாழ்க்கையின் முக்கியமான வேலைக்காக அவை திரும்பி வருகிற இடம் அது.

அவ்வூரார் அப்பறவைகளைக் காத்த வரலாறும் நாம் அறிய வேண்டியது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவ்விவசாயிகள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதன்பேரில், 1798-ஆம் ஆண்டளவில், செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் அவர்களுக்கு வழங்கினார் என்று சொல்லப்படுகிறது. வந்துபோகும் பறவையால் தங்கள் நெல் விளைகிறது என்று கண்ட ஊர் அது. அந்த ஊரின் பெயரை நாம் ஏளனச் சொல்லாக்கிவிட்டோம்.

இனி நம் ஏரிக்கு வருவோம். வல்லத்தைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் மீன்கொத்தியைக் காணாதவர் இரார். மின்கம்பியில் அமர்ந்திருக்கும் செம்பழுப்புத் தலையும் வெண்ணிறத் தொண்டையும் நீல முதுகுமான பெரிய பறவை ஒன்று. மதகின் மேல் ஒரு நீலப் பொறிபோல் தோன்றி மறையும் சிறிய பறவை மற்றொன்று. நம் பழம்புலவர்கள் சிரல் என்றழைத்தது இந்த இனத்தைத்தான். மூன்றாவது, உடலெங்கும் கருப்பும் வெள்ளையுமாய், நீருக்கு மேலே வானத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, திடீரெனக் கல்லைப்போல் செங்குத்தாக விழும் பறவை.

இவற்றுள் முதற்பறவைக்கு அறிவியல் உலகம் வைத்த பெயரில் நம் வேதாகமத்து நகரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1758-இல் லின்னேயஸ் அதற்கு ஸ்மிர்னென்சிஸ் என்று பெயரிட்டார். ஸ்மிர்னாவைச் சேர்ந்தது என்று பொருள். வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கர்த்தர் தரித்திரத்திலும் ஐசுவரியமுள்ளது என்று கண்ட அதே சிமிர்னா சபையின் ஊர். ஒரகடம் சாலையின் மின்கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளிக்காகக் காத்திருக்கிற பறவை அவ்வூரின் பெயரைச் சுமந்திருக்கிறது. மீன்கொத்தி என்று நாம் சொன்னாலும் அதன் உணவில் மீன் சிறு பங்குதான். பூச்சி, ஓணான், தவளை, நண்டு எல்லாம் அதற்கு ஆகும். ஆகவே தண்ணீர் இல்லாத தோப்பிலும் அது வாழ்கிறது.

அந்தக் கருப்பு வெள்ளைப் பறவையோ இன்னும் பரந்த உலகத்தது. சகாரா பாலைக்குத் தெற்கே ஆப்பிரிக்கா முழுவதும், நைல் நதியின் ஓரங்களில், கலிலேயாக் கடலின் மேல், சிந்து கங்கைச் சமவெளியில், நம் ஏரிகளில், கிழக்கே சீனம் வரை அது ஒரே இனமாக வாழ்கிறது. பேதுருவும் யோவானும் வலை அலசிக்கொண்டிருந்த கரைக்கு எதிரே அது நீரின்மேல் சிறகடித்து நின்றிருக்கக்கூடும் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. சுவிசேஷகர்கள் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது அவ்வளவு பழகிப்போன காட்சியாய் இருந்திருக்கும்.

இம்மூன்றும் நம்மிடையே ஆண்டு முழுதும் இருப்பவை. அப்படியானால் மீன்கொத்தி வலசை போகாத பறவையா? இங்கேதான் கதை சுவையாகிறது.

ஆப்பிரிக்காவில் மீன்கொத்திக் குடும்பத்தின் பல இனங்கள் மழையைத் தொடர்ந்து பறப்பவை. வனமீன்கொத்தி என்று சொல்லத்தக்க ஓர் இனம் இருக்கிறது. ஒளிரும் நீல முதுகு, மேலே சிவப்பும் கீழே கருப்புமான அலகு. அது மீனுக்காக நீரை நாடுவது அரிது. புல்வெளியும் மரமும் கலந்த காடுகளில் வெட்டுக்கிளிகளைப் பிடித்து வாழ்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டி, அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 8 பாகை அகலத்துக்குள் வாழும் வனமீன்கொத்திகள் இடம்பெயர்வதில்லை. அதற்கு அப்பால் வடக்கிலும் தெற்கிலும் வாழ்பவை, வறண்ட காலம் வந்ததும் ரேகைப் பகுதியை நோக்கிப் பறந்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குக் காடுகளுக்கு அவை அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து சேரும். அவற்றின் நீண்ட நடுங்கும் குரல் கேட்டால் மழைக்காலம் வந்துவிட்டது என்று அங்குள்ளவர்கள் அறிவார்கள். மழைக்குப் பின் எழும் பூச்சிகளால் குஞ்சுகளை வளர்த்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவை திரும்பிப் போகும்.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிதான, 13 சென்டிமீட்டர் அளவேயுள்ள மூவிரல் மீன்கொத்தி, தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் மாதத்தில் கொங்கண் கடற்கரைக் காடுகளுக்கு வந்து கூடுகட்டுகிறது. மழை ஓய்ந்ததும் அங்கிருந்து மறைந்துவிடுகிறது. சீனத்திலும் கொரியாவிலும் கூடுகட்டும் கருந்தலை மீன்கொத்தி, குளிர்காலத்தில் நம் கடற்கரையின் அலையாத்திக் காடுகளுக்கு வருகிறது. பிச்சாவரத்தில் படகேறியவர்கள் அதைக் கண்டிருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என்னைச் சிந்திக்க வைத்தது அந்தச் சிறிய நீலச் சிரல்தான். நம் ஏரியில் வாழும் அதே இனம் ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வாழ்கிறது. குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்துபோகும் இடங்களில் அது தெற்கு நோக்கி வலசை போகிறது. சில, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கின்றன. நம் ஏரியில் பிறந்தது இங்கேயே கிழடாகிறது. ஒரே இனம், ஒரே சுபாவம். நம் பறவைக்கு ஊர்ப்பற்று அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் தண்ணீர் உறைவதில்லை, அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, இதை நாம் நம்மேல் வைத்துப் பார்க்கலாம். வல்லத்திலும் மாத்தூரிலும் உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போகாததற்கு நம் நிலைத்தன்மை காரணமா? வேலையானது நம் வயலுக்கே வந்து சேர்ந்தது. அது வந்து சேராத காலத்தில் வட தமிழகத்து மக்கள் கோலார் தங்கவயலுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். போன இடங்களில் ஏதோ ஒரு சபை அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆகாயத்துப் பறவைகள் தாங்கள் வரவேண்டிய காலத்தை அறிந்திருக்கின்றன என்று எரேமியா தம் எட்டாம் அதிகாரத்தில் சொல்லும்போது, நாரையையும் புறாவையும் தகைவிலானையும் உதாரணம் காட்டுகிறார். தீர்க்கதரிசி வலசையை அலைபாயும் மனமாகக் காணவில்லை. அதை அறிவாகக் காண்கிறார். அவர் கடிந்துகொள்வது இடம்பெயராத தம் சொந்த ஜனத்தைத்தான்.

இப்போது நான் சொல்லவந்த காரியத்துக்கு வருகிறேன். அது அந்தக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பற்றியது.

இப்பறவை செங்குத்தான மண்கரையைத் தேடி, ஆணும் பெண்ணுமாய் அலகால் குத்தி, காலால் மண்ணைத் தள்ளி, கை நுழையாத ஆழத்துக்கு வளை தோண்டி, அதன் கடைசியில் முட்டையிடுகிறது. பெண்பறவை வளைக்குள் அடைகாக்கும் வேளையில் பாம்பும் கீரியும் உள்ளே புகுந்தால் தப்ப வழியில்லை. அதனால் இவ்வினத்தில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. துணை கிடைக்காத ஆண்பறவைகள் என்ன செய்கின்றன என்பதை ஹைன்ஸ் உல்ரிக் ரையர் என்னும் ஆய்வாளர், கென்யாவின் விக்டோரியா ஏரியிலும் நைவாஷா ஏரியிலும் ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1980-களில் எழுதினார். பறவையியல் அறிந்தவர்களிடையே புகழ்பெற்ற ஆய்வு அது.

அவர் கண்டது இது. துணையற்ற ஆண்களில் சில, தாய் தகப்பனின் கூட்டிலேயே தங்கித் தம்பி தங்கைகளுக்கு மீன் கொண்டுவருகின்றன. இதில் வியப்பில்லை, நம் வீடுகளில் மூத்த மகன் செய்வதுதான். வேறு சில ஆண்கள், தங்களுக்கு எவ்வித உறவும் இல்லாத கூட்டுக்கு மீனோடு வருகின்றன. கூட்டுக்குரிய ஆண்பறவை முதலில் அவற்றைத் துரத்துகிறது. அந்நியன் மீனை வாயில் வைத்துக்கொண்டே விலகிப்போய், மறுபடி வருகிறான். மறுபடி துரத்தப்படுகிறான்.

அதன்பின் நடப்பது ஏரியைப் பொறுத்தது. நைவாஷாவில் நீர் அமைதி, மீன் எளிதாகக் கிடைக்கும். அங்கே பெற்றோர் இருவருமே குஞ்சுகளை வளர்த்துவிட முடியும். ஆகவே அந்நியன் கடைசிவரை துரத்தப்படுகிறான். விக்டோரியாவிலோ அலை அதிகம், மீன்பிடிக்கத் தொலைவு போகவேண்டும், அகப்படும் மீனும் சிறிது. அங்கே முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் பசியில் கத்தத் தொடங்கியதும், தகப்பன் பறவை அந்நியனைத் துரத்துவதை விட்டுவிடுகிறது. அவன் கொண்டுவந்த மீன் குஞ்சின் வாய்க்குப் போய்ச்சேர்கிறது. அப்படி உதவி பெற்ற கூடுகளிலிருந்து கூடுதலான குஞ்சுகள் பறந்து போகின்றன.

ரையரும் அவருடைய தோழரும் பின்னர் ஒரு சோதனை செய்தார்கள். அந்நியரை விரட்டிக்கொண்டிருந்த நைவாஷாவின் கூடுகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்தார்கள். வாய்கள் பெருகியதும், அங்கேயும் பெற்றோர் அந்நியனுக்கு இடம் கொடுத்தன.

இதை முதன்முதலாக வாசித்தபோது அப்பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தேன். நம் ஏரியின்மேல் சிறகடிக்கும் பறவையும் அதே இனம்தான்.

ஆனாலும் பறவையைப் பரிசுத்தவானாக்க எனக்கு விருப்பமில்லை. பிரசங்க மேடையில் எறும்பும் கழுகும் படுகிற பாடு போதும். அந்த அந்நியன் தர்மம் செய்யவில்லை. அடுத்த பருவத்தில் அந்தப் பெண்பறவையோ வேறொன்றோ தனக்குத் துணையாகும் என்கிற வாய்ப்புக்காகவே அவன் உழைக்கிறான் என்று ஆய்வு காட்டுகிறது. தகப்பன் பறவையும் பெருந்தன்மையால் இடம் கொடுக்கவில்லை. தன்னால் முடியவில்லை என்பதால் கொடுக்கிறது. இரு பக்கமும் கணக்கு இருக்கிறது. இருந்தும், குஞ்சின் தொண்டையில் இறங்குகிற மீன் மெய்யான மீன்.

நம் ஆலயத்துக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கும் அவரவர் காரணங்கள் இருக்கின்றன. வீட்டு ஞாபகம் ஒரு காரணம். விடுதிக்கு வெளியே போக ஒரு நியாயமான இடம் என்பது ஒரு காரணம். பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாத வாரத்தில் யாராவது ஒரு அக்கா வீட்டில் சாப்பாடு கிடைக்கும் என்பதும் காரணமாய் இருக்கலாம். அதற்கென்ன? நம்மில் எத்தனை பேர் முதன்முதலில் முழுக்க முழுக்க ஆவிக்குரிய காரணத்தோடு ஆலயத்தின் வாசற்படி ஏறினோம்?

வேதத்தில் இதற்கு நெருங்கிய சம்பவம் எனக்கு ரூத்தின் புத்தகம். அதை மாமியார் மருமகள் அன்பின் கதையாகவே நாம் திருமண ஆராதனைகளில் வாசித்து முடித்துவிடுகிறோம். ரூத் அறுப்புக் காலத்தில் கூலிக்காரருக்குப் பின்னே கதிர் பொறுக்க வந்த வெளிநாட்டு இளம்பெண். அவளுக்கு எதிராக ஒரு தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மோவாபியர் கர்த்தரின் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. பத்தாம் தலைமுறைவரைக்கும் என்று காலக்கெடுவும் போடுகிறது. நம் கமிட்டியோ ஓராண்டுதான் கேட்கிறது. அவ்வகையில் நாம் இரக்கமுள்ளவர்கள்.

அந்தச் சட்டம் இருந்த ஊருக்குள்தான் அவள் வந்தாள். அவளைக் காத்ததும் அதே நியாயப்பிரமாணத்தின் வேறொரு கட்டளை என்பதை நினைவில் வையுங்கள். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிற கட்டளை அது. போவாஸ் இரண்டையும் அறிந்தவன். எதை முன்னே வைப்பது என்று அவன் தீர்மானித்தான். அன்று மாலை ரூத் தட்டி அடித்த வாற்கோதுமை ஏறக்குறைய ஒரு எப்பா. அதைச் சுமந்துகொண்டு அவள் போனது பெத்லகேமின் ஒரு பழைய குடும்பத்து விதவையின் வீட்டுக்கு. உள்ளூர்க்காரியின் பசியை ஆற்றியது வெளியூர்க்காரி கொண்டுவந்த தானியம். கடைசியில் அவள் பெற்ற பிள்ளையை நகோமி மடியில் எடுத்து வைத்தபோது, ஏழு குமாரரைப் பார்க்கிலும் இவள் உனக்கு மேலானவள் என்கிற கருத்தை அவ்வூர்ப் பெண்களே சொன்னார்கள். அந்தப் பிள்ளை ஓபேத். ஓபேதின் பேரன் தாவீது.

சரி, நம் வகுப்பறைக்கு வருவோம். பத்தாண்டுகளுக்கு முன் நம் ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், ஆசிரியர் மூவர். குடும்பத்தோடு குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளும் சேர, இன்று அறுபதுக்கு மேல் வருகிறார்கள். ஆசிரியர் அதே மூவர். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, தரையில் அமர முடியவில்லை. நாம் நைவாஷாவில் வாழ்ந்து பழகியவர்கள். இப்போது நம் கூட்டில் குஞ்சுகள் பெருகிவிட்டன.

சென்ற ஆண்டு தென்மாவட்டத்துச் சகோதரி ஒருவர் ஐந்து மாதம் நம் சிறுவர் வகுப்பை நடத்தினார். இரவு ஷிப்ட் முடித்து, குளித்து, உறங்காமல் வருவார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறிய ஒரு பையனை வகுப்பு முடிந்தபின் தம் அருகில் உட்காரவைத்து, சங்கீதங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசிக்கச் செய்தார். பிறகு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குப் போய்விட்டார். "இதற்காகத்தான் சொல்கிறோம் ஐயா, பாதியில் போய்விடுகிறார்கள்" என்றார் ஒருவர். அந்தப் பையன் ஈஸ்டர் ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தான். வாசித்துக் கொடுத்தவர் பாதியில் போனார் என்றால், எது பாதியில் நின்றது?

இன்னொரு ஆட்சேபத்தை நான் இலேசாக எண்ணவில்லை. முன்பின் அறியாதவரிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று தாய்மார் சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி அது. இக்காலத்தில் எந்தச் சபையும் அதற்குப் பதில் இல்லாமல் ஒரு வகுப்பையும் திறக்கலாகாது. ஆனால் ஓராண்டு என்பது அக்கேள்விக்குப் பதில் ஆகாது. ஓராண்டு பின்வரிசையில் அமர்ந்திருந்தவரைப்பற்றி நாம் என்ன அறிந்துவிடுவோம்? அதற்குப் பதிலாக நான் கமிட்டியின் முன் வைக்கப்போவது மூன்று காரியங்கள். கற்பிக்க விரும்புகிறவரின் சொந்த ஊர்ச் சபைப் போதகரிடம் நானே தொலைபேசியில் பேசி எழுத்து மூலமாகச் சான்று பெறுவேன். எந்த வகுப்பிலும், உள்ளூராரோ வெளியூராரோ, ஆசிரியர் தனித்து இருக்கக்கூடாது, இருவர் இருக்கவேண்டும். வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கும். இவை ஐம்பதாண்டு அங்கத்தினருக்கும் பொருந்தும், என்னையும் சேர்த்து.

பாடற்குழுவைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆல்ட்டோ பாட நம்மிடம் ஆளில்லை. அவர்களிடம் இருக்கிறது.

இத்தீர்மானம் நிறைவேறுமா என்று எனக்குத் தெரியாது. நிறைவேறினால் சபையின் ஒழுங்குக்கு நான் கீழ்ப்படிவேன். நிறைவேறாமலிருக்க, உங்களில் கமிட்டி அங்கத்தினராய் இருப்பவர்கள் கூட்டத்துக்கு முன் ரூத்தின் நான்கு அதிகாரங்களையும் ஒருமுறை வீட்டில் உரக்க வாசித்துவிட்டு வாருங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது.

ஏரியைப்பற்றி ஒரு வார்த்தை மீதமிருக்கிறது. கரைகளைச் சீரமைக்கும்போது கல் பதித்தும் சிமெண்ட் பூசியும் சரிவாக்கிவிடுகிற வழக்கம் எங்கும் பெருகியிருக்கிறது. பார்வைக்கு நேர்த்தியாய் இருக்கும். மண் அரிக்காது என்பதும் மெய். ஆனால் செங்குத்தான மண்கரை இல்லாத ஏரியில் எத்தனை மீன் இருந்தாலும் மீன்கொத்தி முட்டையிட இடமில்லை. நம் பக்கத்து ஏரியில் கலங்கலுக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு ஆள் உயரத்தில் அப்படியொரு மண்சுவர் இன்னும் நிற்கிறது. அதில் வட்டமான வளைகளைப் பார்க்கலாம். எச்சம் வழிந்த வெள்ளைக் கோடு இருந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு என்று பொருள். அந்தத் துண்டை மட்டும் அப்படியே விட்டுவைக்கும்படி ஊராட்சியில் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கையொப்பமிட விரும்புகிறவர்களுக்காக அது ஆலய அலுவலக மேசையில் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அவ்விடத்துக்கு அழைத்துப்போகிறோம். பெரியவர்களும் வரலாம். இரவு ஷிப்ட் முடித்துவரும் சகோதரிகளின் பேருந்து ஏறத்தாழ அதே நேரத்தில் முக்குச் சாலையில் நிற்கும். விருப்பமுள்ளவர்கள் இறங்கிக்கொள்ளலாம், தேநீரும் பன்னும் ஆயத்தமாயிருக்கும். பளிச்சென்ற நிறத்து உடைகளைத் தவிருங்கள். வளைகளுக்கு அருகில் போகாமல் எதிர்க்கரையில் நின்று பாருங்கள். மார்பில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் ஆண், ஒன்றே இருந்து அதுவும் நடுவில் விட்டிருந்தால் பெண். ஒரே வளைக்கு இரண்டு ஆண்பறவைகள் மீன் கொண்டுவருவதை யாரேனும் கண்டால், தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.